பழைய பாஸ்வேர்ட்

"நம்மாத்து வை-ஃபையைப் பக்கத்தாத்துக்காரா எடுத்துண்டா, நமக்குக் குறைஞ்சுடுமாம்மா?" என்று பத்து வயதில் ஸ்ரீஹர்ஷா ஒருமுறை கேட்டான். குறையாது என்று கோமளம் சொல்லி வைத்தாள். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மல்லேஸ்வரத்தில் அவர்கள் இருந்த கட்டடத்தில், கேட்டவருக்கெல்லாம் பாஸ்வேர்டைக் கொடுத்தான்.

அதனால்தான் இன்றைக்கு இந்த வம்பு. இவர்கள் இணைப்பில் புகுந்து எவனோ யாருக்கோ மிரட்டல் அனுப்பியிருக்கிறான். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்று போலீசிலிருந்து போன் வந்துவிட்டது.

"ஏன்னா, மாத்தக் கூடாது. ஹர்ஷா போன் கட்டாயிடும்" என்றாள் கோமளம்.

"அதுக்காக நான் கம்பி எண்ணட்டுமா? பொதுப்பணித் துறையில முப்பத்துநாலு வருஷம், ஒரு மெமோ வாங்கினதில்லை நான்!" என்று அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன் கத்தினார்.

ரௌட்டரின் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் ரவிக்குமார் நிமிர்ந்து பார்த்தார். காதோரம் நரை கண்ட மனிதர்.

வெங்கடகிருஷ்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "மத்ததிலெல்லாம் புது பாஸ்வேர்டைப் போட்டுடலாம்பா. அந்த ஒரு போன்ல முடியாது. லாக் ஆகியிருக்கு. திறக்கற நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் போய் இரண்டு வருடமாகிறது.

மாலை போட்ட அவன் படத்தின் கீழேதான் அந்தப் போன் இருந்தது. ஒருமுறை அணைந்தால் பிறகு எதுவும் வராது என்பதால், கோமளம் அதன் சார்ஜ் இறங்க விட்டதே இல்லை. சிம் எப்போதோ செத்துவிட்டது. வை-ஃபையில் வருகிற செய்திகள் மட்டும் அந்தத் திறக்காத திரையில் தெரியும்.

முதல் மாதம் செய்திகள் குவிந்தன. பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பெயர் இல்லாத ஓர் எண்ணிலிருந்து மட்டும், நாள் தவறாமல் காலை ஒன்பதரைக்கு இரண்டே சொற்கள் வரும்: 'திண்டி ஆய்த்தா?'

அது ஹர்ஷாவின் கேள்வி. தண்ணீர் கேன் போடுகிறவர், கூரியர்காரர், கேபிள் இழுக்க வந்தவர், யார் வாசலில் நின்றாலும் டிபன் ஆயிற்றா என்றுதான் முதலில் கேட்பான். இல்லை என்றால் உள்ளே உட்காரவைத்துத் தன் தட்டையே நீட்டிவிடுவான்.

"அந்த நம்பருக்குப் போன் பண்ணிப் பேசிடுடின்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"பேசினா? அவன் இல்லேன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா அவரும் நிறுத்திடுவார்." கோமளம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம்பிள்ளை சாப்பிட்டானான்னு கேக்கறதுக்கு உலகத்துல ஒருத்தர் மிச்சம் இருக்கார். அதையும் கட் பண்ணச் சொல்றேளே."

ரவிக்குமார் படத்தைப் பார்த்தார். எப்படிப் போனான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. "ஸ்வல்ப டைம் கொடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மடிக்கணினி வழியாக ரௌட்டருக்குள் நுழைந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "செட்டிங்ஸ்குள்ள போற பாஸ்வேர்டு இன்னும் கம்பெனி போட்ட 'அட்மின்'னே இருக்கு சார். பூட்டைப் போட்டு, சாவியை அதுலயே தொங்க விட்டிருக்கீங்க."

"எனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தா? எல்லாம் அவன்தான் பாத்துப்பான்."

ரௌட்டரின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. ஒன்பதரை ஆயிற்று. ரவிக்குமார் தலை நிமிராமல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். பத்து மணி ஆவதற்குச் சற்று முன்பு விளக்கு பச்சையானது.

"வீட்டுக்குப் புதுப் பேரு, புது பாஸ்வேர்டு. இந்தச் சீட்டுல எழுதியிருக்கேன், யாருக்கும் தராதீங்க. பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் தனியா ஒரு ஓரமா வெச்சிருக்கேன். அதுக்குள்ள அந்த ஒரு போன் மட்டும்தான் வரும். வேற யாரு தட்டினாலும் திறக்காது."

ஹர்ஷாவின் போனில் வை-ஃபை அடையாளம் மெல்ல எழுந்தது. கோமளம் கைகூப்பினாள். "நன்னா இருப்பேப்பா. பெருமாள் உன்னை நன்னா வெப்பார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனின் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் போயிற்று. எங்கிருந்தோ ஒரு விளம்பரம் வந்தது. அவள் தேடியது வரவில்லை.

"நெட்தான் வந்துடுத்தேம்மா" என்றார் வெங்கடகிருஷ்ணன். இவ்வளவு மெதுவாக அவர் பேசிப் பல நாளாகியிருந்தது.

"நெட் வந்துடுத்து. அவர் வரலை. ஒரு நாள் தப்பினதில்லை, மழையிலகூடத் தப்பினதில்லை. யாரோ சொல்லிட்டா போலிருக்கு." கோமளம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "போறும். இனிமே அதுக்கு எதுக்கு சார்ஜ்?"

சார்ஜரின் ஒயரை அவள் விரல்கள் பற்றின. பிடுங்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ரவிக்குமார் பையை அவசரமாகத் தோளில் மாட்டிக்கொண்டார். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன வெங்கடகிருஷ்ணனிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

கீழே அவருடைய ஸ்கூட்டரின் அருகே யாரும் இல்லை. சீட்டில் உட்காரக்கூடச் செய்யாமல் தன் போனை எடுத்தார். இரண்டு வருடமாகப் போய்ச் சேர்ந்து, ஒருநாளும் பதில் வராத செய்திகள் திரை முழுக்க வரிசையாக நின்றன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் தாமதமாக, அவர் தட்டினார்:

"திண்டி ஆய்த்தா?"