குச்சிக்கிழங்கு குடித்த கார்

அறப்பளீஸ்வரர் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் மீசையை எடுத்துவிடுகிறேன். குரங்கு சமாச்சாரம் உட்பட அத்தனையும் நடந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கொல்லிமலைக் குண்டனி நாட்டுப் பெருமாயிக்குக் காடு நிறையக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வாங்கத்தான் நாதியில்லை.

அடிவாரத்து வெங்கிடுசாமி பந்தயக் கார் வைத்திருந்தவர். லைசென்ஸ் வாங்கி எரிசாராய ஆலை வைக்கிற யோசனையில் இருந்தார். பெருமாயியின் கிழங்கில் இறக்கிய எரிசாராயத்தில் தன் கார் காரவள்ளியிலிருந்து உச்சிவரை ஏறிவிட்டால், மலைக்கிழங்கு மொத்தமும் தன் ஆலைக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்.

பெருமாயியின் மருமகன் யுவராஜ் மெக்கானிக். இன்ஜினோடு மல்லுக்கட்டினான். பெட்ரோலைவிட எரிசாராயம் கூடுதலாகப் பாய வேண்டுமே, கார்புரேட்டர் ஓட்டையைப் பெரிதாக்கினான். சாராயம் அரித்துவிடும் என்று ரப்பர் குழாய்களை மாற்றினான். பெருமாயி திரும்பத் திரும்ப வடித்து, மிச்சத் தண்ணீரை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டாள்.

ஓட்டத்தன்று காலை காரவள்ளியில் டேங்க் நிரம்பியது. அது முக்கால் மலைக்குத்தான் வரும். மீதி இரண்டு கேனில் இருந்தது.

அப்போதுதான் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் மாணிக்கத்தின் ஜீப் வந்து நின்றது.

"இந்தக் கேன் யாரோடது?"

"என்னுதுங்க. வண்டிக்குத்தானுங்க" என்று பெருமாயி மாரில் தட்டிச் சொன்னாள்.

மாணிக்கம் மலையைப் பார்த்தார். "யாரோடதுன்னு கேட்டேன்."

"என்னுதுன்னு சொல்றேனுங்களே. காது அடைச்சுருச்சுங்களா?"

அடைத்தேதான் இருந்தது போல. இரண்டு கேனையும் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போயே விட்டார். அவர் பரம்பரைக்கே பெருமாயி விட்ட சாபத்தில் பக்கத்துப் புளியமரம் இலை உதிர்த்தது.

இருப்பதை வைத்து ஏறுவோம் என்று யுவராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் வெங்கிடுசாமி, பின்னால் பெருமாயி. அப்பப்பா, அந்த வேகம்! வளைவுக்கு வளைவு பெருமாயி இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் உருண்டாள். புகையை மோந்த குரங்குகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று கைபோட்டு ரோட்டோரம் சாய்ந்தன.

நடுமலையில் ஒரு லாரியை மறித்து நிறுத்திப் பெரிய அதிகாரி ஒருவர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். காரின் டிக்கியையும் சீட்டடியையும் துழாவினார். ஒன்றுமில்லை, போகச் சொன்னார். "இருந்ததைத்தான் அந்தப் பாவி அள்ளிட்டுப் போயிட்டானே" என்று பெருமாயி முணுமுணுத்தாள்.

எழுபது வளைவில் ஐம்பத்திரண்டாவது தாண்டியதும் கார் இரண்டு விக்கல் விக்கி நின்றது. டேங்க் காலி.

வெங்கிடுசாமி இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். "வண்டி நல்லாத்தான் ஓடுதுங்கம்மா. ஆனா நான் உச்சின்னு சொன்னேன்."

பெருமாயி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காட்டுக் கிழங்கு அத்தனையும் கண்ணெதிரே அழுகியது.

கீழே ஹாரன் சத்தம். மாணிக்கத்தின் ஜீப்.

"என்னையும் புடிச்சுட்டுப் போங்க" என்று அவள் கையை நீட்டினாள். அவர் கேன்களை இறக்கினார்.

"பிடிச்ச சரக்கைச் சாட்சி வெச்சு அழிக்கணும்னு உத்தரவு. எப்படி அழிக்கணும்னு இல்லை. டேங்க் மூடியைத் திற தம்பி."

கடகடவென்று ஊற்றினார். கார் உறுமியது. உச்சியில்தான் நின்றது.

மூச்சு வந்ததும் பெருமாயி கேட்டாள்: "இதைக் காலையிலயே என்கிட்ட உட்டிருக்கலாமுங்களே, சாமி?"

"உன்மேல மொட்டைப் பெட்டிசன் போயிருக்கு. அதுக்குத்தான் நடுமலையில எங்க பெரியவர் நின்னாரு. கேன் உன் வண்டியில இருந்திருந்தா நீ இந்நேரம் ஜெயில்ல இருப்பே. நான் எடுத்தது கேட்பாரற்றுக் கிடந்த கேன். இல்லீங்களாம்மா?"

இந்த ஒரு தடவை பெருமாயிக்குக் காது அடைத்துக்கொண்டது.

மாணிக்கம் ரிட்டயராகி நல்லபடியாகப் பென்ஷன் வாங்குகிறார். அதனால் கண்ணுகளா, கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது இந்தக் கிழவன் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.