மூங்கிலில் ஆடிய சீட்டு

ஜூலை 7. நாற்பத்தாறு ஜப்பானிய அடிப்படை எழுத்துகளில் நாற்பத்து நான்கு வந்துவிட்டன. அப்படித்தான் நினைக்கிறேன்.

மாலை வகுப்பில் எழுத்துகளைப் படங்களாக நினைவில் வைக்கச் சொல்கிறார்கள். 'ஷி' தூண்டில் முள், 'ஹெ' குன்று, 'கு' பறவையின் அலகு.

மணிலாவிலிருந்து வந்த எனக்கு ஜப்பானியப் பேச்சு வரும், எழுத்துதான் வராமல் இருந்தது. ஒசாகாவுக்கு வேலைக்குப் போன கணவர் அனுப்பும் கார்டுகளை ஏழு வயது மகன் ஷூஹெய்தான் படித்துக் காட்டுவான்.

"அப்பா என்னடா எழுதியிருக்கார்?"

"சீக்கிரம் வந்துடறாராம்."

"குடு, நானே படிக்கிறேன்."

"ஒரே மாதிரி இருக்கிற 'நு' எது, 'மெ' எதுன்னே உனக்குத் தெரியாது. போம்மா!" என்று போன வாரம் வந்த கார்டைப் பிடுங்கிக்கொண்டான்.

இன்று தனபாட்டா, வேண்டுதல்களைச் சீட்டில் எழுதி மூங்கிலில் கட்டும் திருவிழா. பள்ளி வாசல் மூங்கிலில் பிள்ளைகளின் வேண்டுதல் சீட்டுகள் ஆடின. சைக்கிள் கேட்டு எழுதியதாக ஷூஹெய் சொல்லியிருந்தான். அவன் பெயரைக் கண்டுபிடித்து, விரல் வைத்து, ஒவ்வொரு படமாகப் படித்தேன். தவறோ என்று மூன்று முறை படித்தேன்.

"அம்மாவுக்குப் படிக்க வரவே கூடாது. அப்பா இனிமே வரமாட்டார்னு தெரிஞ்சா அழுவாங்க."

ஷூஹெய் மூச்சிரைக்க ஓடிவந்தான். "படிச்சிட்டியா?"

"எங்கடா, ஒண்ணும் புரியல. நீயே படிச்சுக் காட்டு" என்றேன்.