ஐந்தாவது அபராதம்

உடை மாற்றும் அறையே எழுந்து நின்று கைதட்டியது. கார்விஸ் பெட்டிஃபோர்ட் பெஞ்சின் மேல் ஏறி நின்று, அமெரிக்கக் கால்பந்து லீக்கின் முத்திரை போட்ட உறையைப் பல்லால் கிழித்தான்.

"அன்புள்ள திரு. பெட்டிஃபோர்ட்," என்று மூக்கால் வாசித்தான். "சென்ற ஞாயிறு ஆட்டத்தில் தாங்கள் ஹெல்மெட்டைத் தாழ்த்தி எதிரணி வீரரின் தலையில் மோதியது, பாதுகாப்பு விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே தங்களுக்கு ஐம்பதாயிரம் டாலர் அபராதம்!"

விசில் பறந்தது. யாரோ ஒருவன் ஈரத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான்.

"நாலாவது லெட்டர்டா!" என்று கத்தினான் கார்விஸ்.

"அஞ்சாவது, மாப்ளே," என்றான் பக்கத்து அலமாரிக்காரன் டூலி.

"ஏதோ ஒண்ணு. எண்ணிக்கிட்டு உக்கார நான் என்ன குமாஸ்தாவா?"

கீழே குதித்து, கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டினான். அங்கே ஏற்கெனவே நான்கு இருந்தன.

தலைமை அலுவலகத்தில் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருக்கும் அந்த ஆசாமிகளை நினைத்தாலே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தலையில் மோதாதே, முழங்காலில் மோதாதே, பந்தைப் பிடிக்கிறவனைத் தொடாதே. அப்புறம் ஹெல்மெட் எதற்கு, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகவா? இதில் அசிங்கம் என்னவென்றால், அபராதம் போட்ட அதே இடியைத்தான் மூன்று நாளாக டி.வி. விளம்பரத்தில் மெதுவாக ஓட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிபட்டவன் எப்படி இருக்கானாம்?" என்று கேட்டான் டூலி.

"அவனா? பஞ்சு பொம்மை. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், அதுக்கு ஊரே கைதட்டுது. நானும்தான் இடிச்சேன். என் கால்ல நான் நடந்து போகல?"

"நடந்தே. ஆனா நம்ம பெஞ்சுக்கு வராம எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தே. மாடியில உக்காந்திருக்கிறவன் அதைப் பார்த்துட்டான்."

ஆட்டக்காரர்கள் தள்ளாடுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே லீக் மாடியில் ஓர் ஆளை உட்கார்த்தி வைத்திருந்தது. அந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்த சீட்டால், கார்விஸ் இன்று மூளைப் பரிசோதனையில் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் ஆட முடியும். பதினோரு வருடம் ஆடியவனுக்கு இதுதான் முதல் அரையிறுதி. முப்பத்துமூன்று வயதில் இன்னொன்று கிடைக்கப்போவதில்லை.

"தேறிடுவியா?" டூலியின் குரல் தணிந்தது.

கார்விஸ் கண்ணடித்தான். "சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜூலை முகாம்ல எல்லாருக்கும் இதே டெஸ்ட் வெச்சாங்கல்ல? அந்த மார்க்கோடதானே ஒப்பிட்டுப் பார்ப்பாங்க? நான் அப்பவே வேணும்னு பாதிக்குப் பாதி தப்பாச் சொல்லி வெச்சிட்டேன். அதுக்கும் கீழ எவனாச்சும் போக முடியுமா?"

"அட ஃபிராடு! நானும் அதையேதான் பண்ணேன்," என்று சிரித்தான் டூலி.

டாக்டர் வோஸ் ஒல்லியான பெண். லீக் அனுப்பிய ஆள், எந்த அணிக்கும் சொந்தமில்லை. அதனாலேயே கார்விஸுக்கு அவரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை.

"ஒரு சந்தேகம், டாக்டரம்மா," என்றான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நீங்க வாழ்க்கையில ஒருத்தனையாவது இடிச்சிருக்கீங்களா?"

"கார் நிறுத்துற இடத்துல ஒரு தடவை," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "ஆரம்பிக்கலாமா?"

அந்தப் பதில் அவனைச் சுட்டது. இந்தப் பெண்பிள்ளையிடம் ஒப்புக்குத் தேறினால் போதாது, முழு மார்க் வாங்கி முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று தீர்மானித்தான். ஜூலையில் அடித்த கூத்து எதையும் இந்த முறை அடிக்கவில்லை.

திரையில் வந்த சொற்களை மனசுக்குள் இரண்டிரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். படங்களை உற்று உற்றுப் பார்த்தான். டாக்டர் சொன்ன எண்களைத் தலைகீழாகச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டான், நெற்றி வியர்த்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவன் இவ்வளவு சிரத்தையாக ஒரு பரீட்சை எழுதியதில்லை.

"அவ்வளவுதானா?" முடிந்ததும் கைகளை உதறிக்கொண்டு எழுந்தான். "சின்னப் புள்ளைங்க விளையாட்டு. ஒண்ணு ரெண்டு போயிருக்கும், மத்ததெல்லாம் அப்படியே அச்சு. இதுக்குத்தான் உங்களுக்கெல்லாம் விமானச் செலவு குடுத்து அனுப்புறாங்களாக்கும்."

டாக்டர் ஜூலைத் தாளை எடுத்து இன்றைய தாளின் பக்கத்தில் வைத்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஞாயித்துக்கிழமை தாராளமா ஆடலாம், மிஸ்டர் பெட்டிஃபோர்ட்."

கார்விஸ் முஷ்டியை உயர்த்தினான். வாசலில் காத்திருந்த டூலி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உள்ள வாடா!" என்று அவனை இழுத்தான் கார்விஸ். "டாக்டரம்மா, நான் எத்தனை மார்க்னு இவனுக்குக் கேக்குற மாதிரி நல்லாச் சத்தமாச் சொல்லுங்க!"

"ஐம்பதுக்கு இருபத்தி நாலு," என்றார் டாக்டர். "ஜூலையில வாங்கின அதே மார்க்."