ஆறாத இன்ஜின்

பானெட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஊருக்கு வெளியே, வேறு வண்டி எதுவும் கிடைக்காத சாலையில் இருந்தது அந்தப் பட்டறை. மெக்கானிக் ஒரு பெண்.

"தெர்மோஸ்டாட் அடைச்சிக்கிச்சு சார். தண்ணி ரேடியேட்டருக்கே போகல. புதுசு மாத்திட்டா சரியாயிடும்."

"சீக்கிரம்மா! பன்னிரண்டுக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும். என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்ற பெரியவர், போனில் தம்பியிடம் கத்தினார். "நான் வர்ற வரைக்கும் அவளக் கையெழுத்துப் போட விடாதடா!"

மெக்கானிக்கின் கை நின்றது. பத்து வருஷத்துக்கு முன் அப்படியொரு ஆபீஸிலிருந்துதான் அவளை அவள் அப்பா தரதரவென்று இழுத்து வந்தார்.

"இன்ஜின் ஆறணும் சார். சூட்டோட கழட்ட முடியாது."

ஆறிய பிறகும் ஒரே போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். பெரியவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவள் நிமிரவே இல்லை.

பன்னிரண்டே காலுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணம் முடிஞ்சிடுச்சா சார்?" அவள் குரலில் நிம்மதி.

"முடிஞ்சிடுச்சும்மா. மூணு வருஷம் முறைச்சிக்கிட்டு இருந்துட்டு நேத்துதான் சம்மதிச்சேன். 'நீங்கதாம்பா சாட்சிக் கையெழுத்துப் போடணும்'னு அழுதா. இப்ப வழியில போன யாரையோ கூப்பிட்டுப் போட வச்சிருக்கா. வண்டி ரிப்பேர்னா நம்ப மாட்டேங்கறா. வேணும்னே வரலையாம்."

மறுபடி மகளின் எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினார்.

"நீயாவது உண்மையைச் சொல்லும்மா."