பெட்டகத்துக்குள் போகாத பெயர்

திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். பின்னால் ஓர் எண் இல்லை, ஒரு குறி இல்லை. வெறும் பெயர்.

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டன.

காலையிலிருந்து இதே வேலைதான். நிறுவனத்தின் மென்பொருள் முழுவதும் கன்டெய்னர்கள் எனும் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிந்து, பல கணினிகள் சேர்ந்த ஒரு கிளஸ்டரில் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸைத் திறக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு வேண்டும். இத்தனை வருடங்களாக அவற்றைக் கிளஸ்டருக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். பார்வைக்கு எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் உள்ளே இருப்பது அப்படியே வந்து விழும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

இனி எல்லாம் கிளவுடில் இருக்கும் பெட்டகத்துக்குப் போக வேண்டும். புதியதை எந்திரமே உருவாக்கும், எந்திரமே பெட்டகத்தில் வைக்கும், கன்டெய்னர் எழும்போது தானே எடுத்துக்கொள்ளும். மனிதர் கண்ணில் படவே படாது. மனிதர் யோசித்து வைத்த பாஸ்வேர்டு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு.

பின்னால் வந்து நின்ற டீம் லீடர் திரையை எட்டிப் பார்த்தார். அலுவலகத்துக்குப் புதியவர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

"யாரும்மா இந்த மகராசன்? லவ்வர் பேரையே பாஸ்வேர்டா வெச்சுட்டுப் போயிருக்கான்."

பக்கத்து மேசைக்காரி களுக்கென்று சிரித்தாள்.

அதை வைத்தது யார் என்பதும் திரையிலேயே இருந்தது. அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன். அவளுக்குக் கணவனாக இருந்தவன்.

அவன் இருந்த குழு இது. அவன் போன பிறகுதான் அவளை இதில் போட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து அவளைக் கூட்டிவந்து வீட்டில் விட்ட மறுவாரமே அவன் வேலைக்குப் போய்விட்டான். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அவள் அம்மா அவன் காதுபடவே கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அழுவதற்குக்கூட அவளுக்கு ஓர் ஆள் துணை வேண்டியிருந்தது. அவன் சாப்பிட்டான், தூங்கினான், லேப்டாப்பைத் திறந்தான்.

கல்லோடு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது என்று அவள்தான் கிளம்பினாள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றும் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனான். இப்போது அவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகக் கேள்வி.

பாஸ்வேர்டு வைத்த தேதியைப் பார்த்தாள். அவன் வேலைக்குத் திரும்பிய நாள்.

எது பழுதானாலும் முதலில் நுழைய வேண்டிய டேட்டாபேஸ் அது. நுழையும் ஒவ்வொரு முறையும் கையால் தட்டியிருப்பான். உள் அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில், கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்ததே அந்தத் தட்டும் சத்தம். எரிச்சலில் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வாள்.

"மாத்திட்டுப் பழசை அழிச்சிடும்மா," என்றார் டீம் லீடர்.

எந்திரம் புதியதை உருவாக்கிப் பெட்டகத்தில் வைத்தது. டேட்டாபேஸ், பழையது என்ன என்று கேட்டது.

நகலெடுத்து ஒட்டியிருக்கலாம். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். திரையில் வெறும் புள்ளிகளாக விழுந்தன.

கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாக நின்று, மறுபடி எழுந்து, ஒரு குறையும் இல்லாமல் ஓடத் தொடங்கின. கிளஸ்டரில் கிடந்த பழையதை அழித்தாள். அழிக்கட்டுமா என்று அது ஒருமுறை கேட்டது. ஆம் என்றாள்.

"சார்."

நகரப் போனவர் திரும்பினார்.

"அது லவ்வர் பேரு இல்ல. பொண்ணு பேரு."

"அதானே, அப்பனுக்குப் பாசம்," என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

பொண்ணு. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லி வெகுநாளாகியிருந்தது.

குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மருத்துவமனைச் சீட்டில்கூட 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்து வைத்திருந்த பெயர் அது. பத்தாம்பசலித்தனமாக இருக்கிறது, என் பிள்ளைக்கு இந்தப் பெயர் வேண்டவே வேண்டாம் என்று பிரசவ வார்டு வாசல்வரை அவளோடு மல்லுக்கு நின்றவன் அவன்.