ஐந்து நெஞ்சு, ஒரே தழும்பு

“அஞ்சு பேருக்கும் ஒரே இடத்துல தழும்பு. இது எப்படி ஷலபி?”

டாக்டர் இனாஸ் ஐந்து இ.சி.ஜி. தாள்களைச் சீட்டுப் பரப்புவதுபோல மேசைமேல் பரப்பினார். அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கும் கும்பலுக்கு ஷலபிதான் ரயிஸ், அதாவது தலைவன். அந்தக் கோணல்மாணல் கோடுகளில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“போன வாரம் எடுத்தது. கோட்டைப் படிச்சு மெஷினே சொல்லிடும். மாரடைப்பு வந்து போயிருக்கு, உடனே கவனிங்கன்னு அஞ்சு தாள்லயும் அடிச்சிருக்கு பாருங்க.”

“சிமெண்ட் தூசியா இருக்கும் டாக்டரம்மா.”

“தூசி நுரையீரலுக்குப் போகும். அஞ்சு இதயத்துல ஒரே இடமாத் தேடிப் போயா உக்காரும்?” டாக்டர் முத்திரைக் கட்டையை எடுத்தார். “இனிமே யாரும் மூட்டை தூக்கக் கூடாது. நீங்களும்தான்.”

ஷலபி ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே கப்பல் நின்றுகொண்டிருந்தது. இவர்கள் ஏறாவிட்டால் அடுத்த கும்பல் ஏறும். ஏறியவன் லேசில் இறங்கமாட்டான்.

“இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க டாக்டரம்மா. இப்பவே. உங்க கண்ணு முன்னாடியே.”

ஐவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். இ.சி.ஜி. எடுக்கும் ஷெனூதா சவரக்கத்தியோடு வந்தான். ஒயர் ஒட்டும் இடத்தில் மயிர் இருக்கக் கூடாது.

“போன வாரம் ஒரே நாள்ல துறைமுகத்து நெஞ்சு அத்தனையும் சிரைச்சேன். அதுக்குள்ள உங்களுக்கு மட்டும் காடா மண்டிக் கிடக்கு. உரம் கிரம் போடுறீங்களா ரயிஸ்?”

“தினம் மூணு வேளை அவரைக்காக் கொட்டை திங்கிறோம்ல” என்று ஷலபி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

முதலில் அவனே படுத்தான். மெஷின் கிறீச்சென்று தாளைத் துப்பியது. டாக்டர் படித்தார், புருவத்தைத் தூக்கினார், “அடுத்த ஆள்” என்றார். ஐந்து பேரும் எழுந்து முடித்தபோது மேசையில் ஐந்து புதுத் தாள்கள் கிடந்தன. ஒன்றில்கூடத் தழும்பு இல்லை.

“ஷெனூதா, இந்த மெஷினைக் கட்டி அனுப்பு. அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர், ‘வேலைக்குத் தகுதி’ என்று ஐந்து முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வாசலைத் தாண்டியதும் ஐவரில் மூத்தவனான கிழட்டுக் கரீப் ஷலபியின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

“நம்ம நெஞ்சு அவ்வளவும் இரும்பாம் ரயிஸ்! இத்தனை வருஷம் ஊதின சிகரெட்டுக்கு இதெல்லாம் அதிகப்படி. தெரிஞ்சிருந்தா மெஷினைக் கண்டு அப்படிப் பயந்திருப்போமா?”

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷலபி மட்டும் சிரிக்கவில்லை.

கப்பலடியில் தசூக்கி வேலையை ஆரம்பித்திருந்தான். பதிவில் பேர் இல்லாத தினக்கூலி. அதனால் அவனை யாரும் பரிசோதனைக்குக் கூப்பிடுவதில்லை. ஆள் காளை மாதிரி. மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கினால் அவன் இரண்டு தூக்குவான்.

“வாங்க ரயிஸ்! மெஷின் உங்களையெல்லாம் உயிரோட புதைச்சிடுச்சாமே?”

“அதுக்குத்தான்டா பைத்தியம் பிடிச்சிருக்காம்!” என்று கத்தினான் கரீப்.

தசூக்கி கடகடவென்று சிரித்தான். பிறகு இடது தோளைப் பிசைந்துகொண்டு, “காலையிலேருந்து ஒரே வாயு” என்றபடி சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கினான். கரடி மாதிரி மயிர் அடர்ந்த அவன் நெஞ்சில், அங்கங்கே வட்ட வட்டமாகச் சிரைத்த வழுக்கை தெரிந்தது.

ஷலபி சட்டைப் பையிலிருந்த முத்திரைத் தாளைத் தொட்டுப் பார்த்தான். இப்போது வாயைத் திறந்தால் ஐந்து பேருக்கும் வேலை போகும். அவன் நேராகப் போய் தசூக்கி மறுபடி முதுகில் ஏற்றிய மூட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினான்.

“டாக்டரம்மாகிட்டப் போய் மெஷின்ல படுடா. இந்தத் தடவை உன் பேர்ல.”