மழைக்காரரின் கருவி

“மழைக்காரரு எழுதிட்டாகளா மாப்ள?” என்று கேட்டுக்கொண்டே கருத்தக்கண்ணன் கம்பத்துப் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார்.

“இன்னும் எழுதல மாமா. ஒக்காருங்க, எழுதிருவாக,” என்றான் சென்டர்க்காரன் சண்முகராஜ், கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

‘மழைக்காரர்’ என்பது ஒரு வலைப்பதிவு. எழுதுகிறவர் யார், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. முகப்பில் சாட்டிலைட் படம் இருந்ததால், அமெரிக்காவில் பெரிய ஆபீசர் என்று கருத்தக்கண்ணன் முடிவு கட்டியிருந்தார். மழைக்காரர் புதிதாக எழுதினால் தானே வந்து விழும்படி ஏதோ ‘ரீடர்’ ஒன்றை அமைத்துக் கொடுத்ததும் சண்முகராஜ்தான்.

அந்த ஐப்பசியில் மழைக்காரர் சொன்ன மழை ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் எழுதியதும் கருத்தக்கண்ணன் தோட்டத்தில் திராட்சை வெட்டு நடக்கும்; வெட்டி முடித்ததும் வானம் கொட்டும். ‘கருத்தக்கண்ணன் கத்தரியைத் தூக்கினால் மழை’ என்று அவர் ஊரான சுருளிப்பட்டியே பேசிக்கொண்டது.

அவர் மனைவி மாயக்காள் மட்டும் மசியவில்லை. “ஐப்பசியில மழ வரும்னு சொல்ல அமெரிக்கா எதுக்கு? நம்ம எருமையே சொல்லுமே!”

இப்போது மிச்சமிருந்தது மேற்குப் பந்தல். கொடி கொள்ளாத பழம். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகளின் வண்டிகள் வரத் தொடங்கினால் விலை எகிறும். அதற்குள் ஒரு மழை அடித்தாலோ பழம் வெடித்து, ஈ மொய்த்து, குப்பைக்குத்தான் போகும். வெட்டுவதா, பொறுப்பதா? மகளின் வளைகாப்பே அந்தப் பந்தலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்டுக்கு ஆள் கிடைப்பது லேசில்லை. அதனால் கருத்தக்கண்ணன் முதலில் ஆளுக்குச் சொல்லி வைத்துவிடுவார். மழைக்காரர் எழுதாவிட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் ஏற்பாடு. இதுவரை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததே இல்லை.

செல்போனை எடுத்தார். அவர் பேசினால் போனே தேவையில்லை. சுருளிப்பட்டிக்கு நேராகவே கேட்கும். “ஏ இருளம்மா! நாளைக்கு மேக்குப் பந்தல் வெட்டு. ஆளுகளக் கூட்டிக்கிட்டு வெள்ளன வந்துரு!”

சண்முகராஜ் கீபோர்டைப் படபடவென்று தட்டினான். பிறகுதான் நிமிர்ந்தான். “அந்த மூல கம்ப்யூட்டரு காலி மாமா.”

கருத்தக்கண்ணன் போய்த் திறந்தால், சுடச்சுட வந்து கிடந்தது: ‘சுருளிப் பக்கம் கனமழை உறுதி. என் கருவி பொய் சொல்லாது.’

“ஆத்தாடி! கருவின்னா இதுல்ல கருவி!” என்று தொடையில் தட்டினார். “நாமளும் அதுல ஒண்ணு வாங்கித் தோட்டத்துல நட்டு வச்சா என்ன மாப்ள?”

“அது விக்கிற சாமான் இல்ல மாமா,” என்றான் சண்முகராஜ் அவசரமாக.

மறுநாள் பந்தல் காலி. பழம் அடிமாட்டு விலைக்குப் போனது. மழை? வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. கார்த்திகை பிறந்தது. வெயில் மண்டையைப் பிளக்க, சாமிகளின் வண்டிகள் வரிசை கட்டி நின்று பக்கத்துத் தோட்டத்துப் பழத்தைச் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போயின.

“அந்த அமெரிக்காக்காரரு வளகாப்புக்கு வாராகளா?” என்று கேட்டாள் மாயக்காள். “வளையலயும் அவுகளே வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருத்தக்கண்ணன் சென்டருக்குள் பாய்ந்தார்.

“மாப்ள, எனக்குத் தட்டத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அந்தாளுக்கு எழுது. ஏலே மழக்காரா! நீ மட்டும் கம்பம் பக்கம் கால வச்சே, ஒன் கருவிய ஒடச்சு ஒங்கையிலயே குடுத்துருவேன்!”

சண்முகராஜின் விரல் அசையவில்லை. அவன் கண் வாசலைத் தேடியது. வாசலை அடைத்துக்கொண்டு மாமாதான் நின்றார்.

“எழுதுலே!”

“எழுத வேணாம் மாமா. கேட்டுருச்சு. அந்த ஆளு நாந்தான்.”

கருத்தக்கண்ணன் மூலைக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப... பொய்யே சொல்லாதுன்னியே, அந்தக் கருவி?”

“நீங்க கத்தரியத் தூக்குனா மழைன்னு ஊரே சொல்லுச்சு, நானும் நம்புனேன். நீங்க இங்கன ஒக்காந்து வெட்டுக்கு ஆள் சொல்றதக் கேட்டுத்தான் மழைன்னு எழுதுவேன்...” சண்முகராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “அந்தக் கருவியே நீங்கதான் மாமா!”